நீல டயலுக்கு நான்கு வருடம்

அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே காலுக்கு வெண்டல் கிரப்ஸின் போன் அடித்தது.

நேப்பிள்ஸ் நகரத்தின் கூரைகளில் பாதி அவர் போட்டவை. புளோரிடாவின் அந்தக் கரையில் புயல் அடித்து ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போது வெண்டல் புது லாரி வாங்குவார். கம்பெனியில் நானூறு பேர் வேலை. அவர் கொஞ்சம் பலமாக இருமினால் அதில் பாதிப் பேர் ஏணியை விட்டு இறங்கிவந்து என்ன விஷயம் என்று கேட்பார்கள். அப்பேர்ப்பட்டவர், திரையில் 'மெக்கென்னா' என்ற பெயரைக் கண்டதும் வாயிலிருந்த முட்டையை மெல்லாமலே விழுங்கினார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"குட்மார்னிங் மேடம். சொல்லுங்க மேடம்."

அப்படியே வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு நீச்சல்குளத்தின் ஓரத்துக்குப் போய்விட்டார். சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்த அவர் மனைவி ரோண்டா, காபியை ஆறவிட்டு வலைவழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகால்களைச் சேர்த்து வைத்து, வயிற்றை உள்ளே இழுத்து நிற்கும் தன் கணவனை அவள் கல்யாணப் புகைப்படத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஆமாங்க... பன்னிரண்டு மணிக்குள்ளேங்களா... வந்துடுறேங்க. ரொம்ப நன்றிங்க மேடம்."

மெக்கென்னாவுக்கு வயது இருபத்தாறு. வெண்டலுக்கு அறுபத்திமூன்று. விஷயம் இவ்வளவுதான் என்றால் ஊரில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் விஷயம் ஒரு வாட்ச்.

எஃகில் செய்த, நீல டயல் வைத்த, ஸ்விட்சர்லாந்து வாட்ச். விலை, ஒரு சின்ன வீட்டுக்குக் கூரை போடும் செலவுதான். பணம் ஒரு பிரச்சினையே இல்லை. பணத்தைக் கொடுத்தால் தரமாட்டார்கள் என்பதுதான் பிரச்சினை. பட்டியலில் பெயர் எழுத வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது சும்மாவும் இருக்கக் கூடாது. "முதல்ல நமக்குள்ள ஒரு உறவை வளர்த்துக்கலாம் மிஸ்டர் கிரப்ஸ்" என்று நான்கு வருடத்துக்கு முன்பு, அந்த வாட்ச்சை விற்கும் நகைக்கடையில் மெக்கென்னா சொன்னாள். உறவு எதை உண்டு வளரும் என்று அவள் சொல்லவில்லை. அந்தக் கடையில் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருந்த வளையல்களின் பக்கம் லேசாகத் திரும்பி நின்றாள், அவ்வளவுதான். வெண்டல் வியாபாரி. புரிந்துகொண்டார்.

அந்த வாட்ச் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அவர் போகும் கோல்ஃப் கிளப்பில் கை குலுக்கும்போது எல்லாருடைய கண்ணும் முதலில் மணிக்கட்டுக்குத்தான் போகும். அங்கே இருப்பது திருப்தியாக இருந்தால் முகத்தைப் பார்க்காமலேகூட விட்டுவிடுவார்கள். நீச்சல்குளம் வெட்டும் டுவேன் பிளாஞ்சர்டுக்கு அது மூன்று வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து டுவேனுக்குத் தாடையில் தீராத அரிப்பு. இடது கையால் மட்டுமே சொறிவார். அதே கிளப்பில், ரயில்வே பங்குகளை விட்டுச்சென்ற தாத்தாவின் பேரன் ஒரு கிழவர் இருக்கிறார். கண்ணாடி கீறிய பிளாஸ்டிக் வாட்ச்சுதான் கட்டுகிறார். அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். வெண்டல் அவரோடு போட்டி போட நினைத்ததே இல்லை. அந்த உயரத்துக்கு ஏணி கிடையாது, தாத்தா வேண்டும்.

வெண்டல் உள்ளே வந்தார். முகம் வேர்த்திருந்தது.

"யாரு போன்ல?" என்றாள் ரோண்டா.

"வேலை விஷயம்."

"வேலை விஷயத்துக்கு எந்திரிச்சு நிப்பியா நீ? கவர்னர் பேசினப்பவே காலைத் தூக்கி மேஜை மேல போட்டுக்கிட்டுத்தானே பேசின?"

வெண்டல் மாடிக்குப் போனார். காலையில் ஒரு முறை மழித்த முகத்தை மறுபடியும் மழித்தார். வெளிர்நீலச் சட்டையைப் போட்டார். இறங்கி வந்து, சமையலறையில் ரோண்டா செய்து ஆறவைத்திருந்த வாழைப்பழ கேக்கைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பினால், வாசல் கதவில் சாய்ந்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் அவருடைய வண்டிச் சாவி.

"கேக் எங்க போகுது?"

"ஆபீஸ் பசங்களுக்கு."

"ஆபீஸ் பசங்களுக்கு. நாலு வருஷமா மாசம் ரெண்டு கேக் செஞ்சு கொடுக்குறேன். போன கிறிஸ்துமஸ் விருந்துல உன் மேனேஜர்கிட்ட கேட்டேன், 'கேக் எப்படிப்பா இருக்கு?'ன்னு. 'எந்த கேக்கு?'ன்னான்."

வெண்டல் கேக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"உக்காரு வெண்டல்."

உட்கார்ந்தால் சட்டை கசங்கும். நின்றுகொண்டே இருந்தார்.

"கல்யாணமாகி முதல் முப்பத்தாறு வருஷம் நீ எனக்கு என்ன வாங்கிக் கொடுத்த? ஒரு மோதிரம். ஒரு தூசி உறிஞ்சுற மெஷின். நான் குறையா சொல்லல, நல்ல மெஷின். திடீர்னு ஆரம்பிச்சுது. பிறந்தநாளுக்கு வளையல். காதலர் தினத்துக்குக் கம்மல். அன்னையர் தினத்துக்கு நெக்லஸ். வெண்டல், நமக்குக் குழந்தையே இல்ல."

"நீ நாய்க்கு அம்மா மாதிரின்னு சொன்னேனே."

"நாய் செத்து அப்பவே ரெண்டு வருஷம் ஆச்சு."

வெண்டல் கேக் சுற்றிய காகிதத்தின் ஓரத்தை மடித்துவிட்டார்.

"இந்தத் தெருவுல எந்தப் பொம்பளை கழுத்துல புதுசா கல்லு மின்னினாலும் எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். அவ புருஷன் ஏதோ பண்ணியிருக்கான். என்னைப் பார்த்தா அவளுங்க குரலைத் தாழ்த்திப் பேசுறாளுங்க. தோளைத் தட்டிக் கொடுக்குறாளுங்க. நாலு வருஷமா!" ரோண்டாவின் குரல் உடைந்தது. சரிசெய்துகொண்டாள். "போன்ல வந்த பேரைப் பார்த்தேன். சொல்லிடு. அந்த மெக்கென்னா யாரு?"

வெண்டல் வாயைத் திறந்தார். வாயைத் திறந்த பிறகுதான் தன் நிலைமை அவருக்கு முழுதாக விளங்கியது.

உண்மையைச் சொல்லலாம். உண்மை என்னவென்றால், நானூறு பேரை மேய்க்கிற அவர், ஒரு கடைப்பெண் தன்னிடம் ஒரு பொருளை விற்கச் சம்மதிக்க வேண்டும் என்பதற்காக நான்கு வருடமாக அவளுக்குக் கேக் சுமந்துகொண்டிருக்கிறார். மனைவிக்கு வாங்கிய ஒவ்வொரு நகையும் அந்தப் பட்டியலில் ஒரு படி. இதைச் சொல்வதைவிட, ஆமாம், எனக்கு இன்னொருத்தி இருக்கிறாள் என்று சொல்வது கௌரவமாக இருக்குமோ என்று ஒரு கணம் யோசித்தார். கிளப்பில் அப்படி மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் பேசும்போது ஆண்கள் தலையை ஆட்டுவார்கள். ஆனால் அந்த ஆட்டலில் கொஞ்சம் மரியாதையும் இருக்கும். இதற்கோ சிரிப்பார்கள். டுவேன் தாடையைச் சொறிந்துகொண்டே சிரிப்பார்.

ஆனால் அப்படிச் சொன்னால் ரோண்டா போய்விடுவாள். அவள் நிற்கிற நிற்பிலேயே அது தெரிந்தது. கைப்பையை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தாள்.

"ரோண்டா, அது ஒரு வாட்ச்," என்றார்.

அவள் அவரையே பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு கடையில வேலை பார்க்குது. ஒரு வாட்ச்சுக்குச் சொல்லிவச்சிருந்தேன். இன்னைக்கு வந்திருக்காம். பன்னிரண்டு மணிக்குள்ள போகலைன்னா அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

"நாப்பது வருஷத்துல நீ சொன்ன பொய்யிலேயே இதுதான் மட்டமான பொய் வெண்டல். கடைன்னா காசைக் கொடுத்தா பொருளைக் கொடுப்பான். நாலு வருஷம் ஆகுமா? அது என்ன வாட்ச்சா, கிட்னியா?"

"கிட்னி சீக்கிரம் கிடைச்சுடும்," என்றார் வெண்டல், உண்மையாகவே.

"சரி, நானும் வரேன். அவ முகத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேன்."

எங்கே போய்விடுகிறாள் என்று வெண்டல் கேட்கவில்லை. கடைக்கு வண்டியில் இருபது நிமிடம். கேக் ரோண்டாவின் மடியில் இன்னும் லேசான சூட்டோடு இருந்தது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போன ஜூலையில் வாங்கிய மரகதக் கம்மல். ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தாழ்ப்பாள் கனம் இருக்கும்.

கடை வாசலில் காவலாளி கதவைத் திறந்தான். உள்ளே தேவாலயம் போல அமைதி. கறுப்புக் கோட்டுப் போட்ட மெக்கென்னா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

"மிஸ்டர் கிரப்ஸ்! ஐயோ, மிஸஸ் கிரப்ஸும் வந்திருக்காங்களா! எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா?"

ரோண்டா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கள்ளத்தொடர்பு வைத்திருக்கும் பெண் மனைவியை இப்படி வரவேற்பாளா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. இந்தக் காலத்துப் பெண்கள் வரவேற்றாலும் வரவேற்பார்கள்.

மெக்கென்னா கேக்கை வாங்கி முகர்ந்தாள். "இங்க எல்லாரும் இந்த கேக்குக்கு அடிமை மேடம். இவ்வளவு வேலைக்கு நடுவுல மிஸ்டர் கிரப்ஸ் தானே ராத்திரி உக்காந்து செய்றாராமே! நாங்க ரொம்ப நெகிழ்ந்துபோயிட்டோம்."

ரோண்டா மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். வெண்டல் கூரையைப் பார்த்தார். தொழில் பழக்கம்.

உள்ளறைக்கு அழைத்துப்போய் இருவரையும் சோபாவில் உட்காரவைத்தார்கள். ஷாம்பெயின் வந்தது. பிறகு மெக்கென்னா வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, தோல் விரித்த தட்டு ஒன்றை, தூங்கும் குழந்தையைத் தூக்கி வருவது போல இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேஜையில் வைத்தாள்.

தட்டில் ஒரு வாட்ச் இருந்தது. எஃகு. நீல டயல்.

ரோண்டா முன்னால் குனிந்து பார்த்தாள். வாட்ச்சைப் பார்த்தாள். கையுறையைப் பார்த்தாள். வாட்ச்சைப் பார்த்து நிஜமாகவே கண் கலங்கியிருந்த மெக்கென்னாவைப் பார்த்தாள்.

"வாட்ச்," என்றாள்.

"சொன்னேனே," என்றார் வெண்டல்.

"நிஜமாவே வாட்ச்!"

"ஆமா ரோண்டா."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்ல."

ரோண்டா சோபாவில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து வெண்டல் கையை நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் ஆரம்பித்த சிரிப்பு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, வெளியே வைரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதியைத் திடுக்கிடவைக்கும் அளவுக்குப் போனது. நான்கு வருடமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கி வெளியே போட்டது போல இருந்தது அவளுக்கு. ஷாம்பெயினை ஒரே மூச்சில் குடித்தாள். வெண்டலின் கிளாஸையும் எடுத்துக் குடித்தாள். வெண்டலும் சிரித்தார். காலையிலிருந்து உள்ளே இழுத்து வைத்திருந்த வயிற்றை வெளியே விட்டார். நல்லபடியாக முடிந்தது என்றே நினைத்தார்.

இந்த நேரம் பார்த்து மெக்கென்னா தன் வேலையைச் சிறப்பாகச் செய்தாள்.

"மேடம், நாம சேர்ந்து வந்த பாதையைக் காட்டுறேன், பாருங்க," என்று கணினித் திரையை ரோண்டாவின் பக்கம் திருப்பினாள். வாங்கிய நகைகள் எல்லாம் படத்தோடு தேதிவாரியாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் குறிப்பு. ரோண்டா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"'மனைவிக்குச் சின்ன நகைகள்தான் பிடிக்கும் என்றார். பெரியதை எடுத்தார்.' ம். 'மனைவிக்குப் பச்சை பிடிக்காது என்றார். மரகதக் கம்மல். ஜூலைக்குள் கணக்கில் ஏற வேண்டுமாம்.' ம்ம். 'நாற்பதாவது திருமண நாள். இதில் எதை வாங்கினால் பட்டியலில் வேகமாக மேலே போகலாம் என்று கேட்டார்.'"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். மெக்கென்னா தான் எதை மிதித்துவிட்டோம் என்று தெரியாமல் புன்னகையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரோண்டா..." என்றார் வெண்டல்.

"கொஞ்சம் இரு." அவள் இரண்டு கம்மலையும் கழற்றித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். காது மடல் சிவந்திருந்தது. "இது வலிக்குது. வாங்கின நாள்லேர்ந்து வலிக்குது. ஏன் போட்டேன் தெரியுமா? பாவம், மனசு உறுத்தி வாங்கிக் கொடுத்திருக்கான், போடாம விட்டா பழிவாங்குற மாதிரி ஆயிடும்னு போட்டேன். உன்னை மன்னிக்கப் பழகிக்கிட்டு வந்தேன் வெண்டல். பொண்ணுன்னா மன்னிச்சிருப்பேன். கஷ்டப்பட்டாவது மன்னிச்சிருப்பேன். வாட்ச்சை எப்படி மன்னிக்கிறது?"

வெண்டல் காலையில் வீட்டில் பயந்ததைவிட இப்போது அதிகமாகப் பயந்தார். அப்போது அவர் செய்யாத தப்பு. இது செய்த தப்பு.

"தப்புதான்," என்றார். அவர் கம்பெனியில் யாரும் கேட்டிராத வார்த்தை அது. "பொட்டியைப் பிரிக்கும்போது நீ சந்தோஷப்படுறேன்னு நினைச்சேன். இதுவும் கிடைக்குது, அதுவும் கிடைக்குதுன்னு..."

"நான் சந்தோஷப்படல. பயந்துபோய் உக்காந்திருந்தேன்."

மெக்கென்னா இந்த இடைவெளியில் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் நிலைமையைக் காப்பாற்றப் பார்த்தாள். "பட்டையை அளவு பார்த்துடலாமா மிஸ்டர் கிரப்ஸ்? யாரும் கைமாத்தி விக்கக் கூடாதுன்னு, இங்கேயே மேல ஒட்டின பிளாஸ்டிக்கை உரிச்சு, கையில கட்டித்தான் அனுப்பணும். கம்பெனி விதி. கையை நீட்டுங்க."

வெண்டல் கையை நீட்டினார். அதற்குள் ரோண்டா தன் கையை நீட்டியிருந்தாள்.

"எனக்கு அளவு எடும்மா."

"மேடம், இது ஆம்பளைங்க..."

"கையில கட்டத்தானே? எனக்கும் கை இருக்கு."

"ஆனா பட்டியல்ல மிஸ்டர் கிரப்ஸ் பேருதான் இருக்கு."

"அந்தத் திரையில மனைவி, மனைவின்னு எத்தனை இடத்துல இருக்கு? எண்ணு."

மெக்கென்னா விசுவாசமாக எண்ணினாள். "முப்பத்தொண்ணு மேடம்."

"அவர் பேரு?"

"ஒண்ணு. மேல, தலைப்புல."

"அப்ப காத்திருந்தது யாரு?" ரோண்டா கணவன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் வெண்டலைக் கலக்கியது. "உனக்கு மனசில்லைன்னா சொல்லிடு. சண்டை போட மாட்டேன். நீ கட்டிக்கிட்டுப் போ, நான் டாக்சி பிடிச்சுக்கிறேன். ஆனா வீட்டுக்குன்னு நினைக்காதே."

வெண்டல் வாட்ச்சைப் பார்த்தார். நொடிமுள் தடுக்காமல், வழுக்கிக்கொண்டு போனது. அந்த அழகுக்காகத்தான் நான்கு வருடம். இரண்டு நொடி தயங்கினார். ரோண்டா அதையும் நீல டயலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அவங்களுக்கே கட்டுங்க மேடம்," என்றார்.

சொன்னதும் அவர் எதிர்பார்த்தது நெஞ்சில் ஒரு வலி. வரவில்லை. கொஞ்சம் காத்துப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. கிளப்புக்குப் போய்க் கையை எந்தப் பக்கம் வைப்பது, யார் கவனித்தார்கள், யார் கவனிக்கவில்லை, கோல்ஃப் மட்டையில் இடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற கவலைகள் எல்லாம் வரிசையாக வந்து, ஆள் மாறிவிட்டது என்று தெரிந்துகொண்டு, வந்த வழியே திரும்பிப் போவது போல இருந்தது. இறுக்கமான செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தால் வருமே, அந்தச் சுகம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தியாகம் செய்தவர் முகத்தையே வைத்துக்கொண்டார்.

மெக்கென்னா பட்டையில் நான்கு கண்ணிகளைக் கழற்றி ரோண்டாவின் கையில் பூட்டினாள். ரோண்டா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதான் முதல் தடவையா எனக்குப் பிடிச்ச ஒண்ணு," என்றாள். "மணி பெருசா தெரியுது."

"நீங்க சரின்னா, அடுத்தது தங்கத்துல, பச்சை டயல்," என்று மெக்கென்னா குரலைத் தாழ்த்தினாள். "பட்டியல் நேத்துதான் திறந்தது. சுமாரா ஆறு வருஷம்..."

"வேண்டாம்," என்றார்கள் இருவரும். பல வருடங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. தெருவில் யாரோ ரோண்டாவின் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், பிறகு மறுபடியும் கையைப் பார்த்தார். வெண்டலை யாரும் பார்க்கவில்லை. அவர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம். ஒரு போன் பண்ணிடுறேன்," என்று ரோண்டா உள்ளே உட்கார்ந்து எண்ணை அழுத்தினாள். "ஹலோ, வக்கீல் சார்தானே? ரோண்டா கிரப்ஸ் பேசுறேன். வியாழக்கிழமை வரேன்னு சொல்லியிருந்தேன் இல்ல? வரல."

வெண்டலின் பாட்டு நின்றது.

"இல்லைங்க, வேற வக்கீல் பார்க்கல. விவாகரத்து வேண்டாம், அவ்வளவுதான்... இல்லைங்க, அவர் மிரட்டலாம் இல்ல. பக்கத்துலதான் நிக்கிறார், பாவமா... பொண்ணு இல்லையாம் சார். வாட்ச்சாம்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். புருவம் உயர்ந்தது. "ஆமா, எஃகுதான்... ஆமா, நீலம்... நாலு வருஷம்." போனைக் கையால் பொத்திக்கொண்டு வெண்டல் பக்கம் திரும்பினாள். "இவர் ஏழு வருஷமா காத்திருக்காராம். என்னென்ன வாங்கினோம்னு கேக்குறார். எழுதிக்கப் பேனா எடுத்துட்டாராம்."

"அவர் சம்சாரத்துக்குத் தெரியுமான்னு கேளு," என்றார் வெண்டல்.

ரோண்டா கேட்டாள். கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டுப் போனை இறக்கினாள்.

"வச்சுட்டார்," என்றாள்.